கனவுந்து ஓட்டுநர் பயிற்சி: உரிமம் பெற்ற பிறகு தொடங்கும் பாடம்

வீட்டுச் சமையலறையில் உள்ள அரிசி, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் விற்கப்படும் பானம், மருத்துவமனைக்கு வந்து சேரும் மருந்து, புதிய வீட்டுக்கான செங்கல் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இவை அனைத்தும் ஏதாவது ஒரு கட்டத்தில் கனவுந்தில் ஏறிப் பயணம் செய்தவை. மக்கள் வழக்கில் லாரி எனப்படும் இந்தக் கனவுந்து ஒருநாள் ஓடாமல் நின்றுவிட்டால் கடைகளின் அடுக்குகள் விரைவில் காலியாகிவிடும்.

மலேசியாவின் மிகப் பெரிய துறைமுகமான கிள்ளான் துறைமுகம், 20 அடிக் கொள்கலனை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிட்டால், 2024ஆம் ஆண்டில் 1 கோடியே 40 லட்சத்திற்கும் மேற்பட்ட அலகுகளைக் கையாண்டது. அவற்றில் பல கப்பலிலிருந்து இறங்கி மற்றொரு கப்பலில் ஏறி வேறு நாடுகளுக்குச் சென்றுவிடுகின்றன. எஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றைச் சாலை வழியாக எடுத்துச் செல்பவர்கள் கனவுந்து ஓட்டுநர்களே. இத்துறையில் புதிதாகச் சேரும் ஓர் இளைஞர் முதல் நாளே சாவியை வாங்கிக்கொண்டு சாலையில் இறங்கிவிட முடியாது. நல்ல நிறுவனம் அவருக்கு முதலில் பயிற்சி அளிக்கும். அந்தப் பயிற்சியில் என்னென்ன கற்பிக்கப்படுகின்றன, அவை ஏன் கற்பிக்கப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உரிமம் வேறு, திறன் வேறு

மலேசியாவில் மகிழுந்து ஓட்டுவதற்கு ‘டி’ வகை உரிமம் போதும். பெரிய கனவுந்துகளை ஓட்ட ‘இ’ வகை உரிமம் வேண்டும். கூலிக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தொழிலைச் செய்ய இதனுடன் ‘ஜிடிஎல்’ எனப்படும் சரக்கு வாகன ஓட்டுநர் உரிமமும் தேவை. 21 வயது நிறைந்தவர்களே அதற்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவப் பரிசோதனையில் தேறியிருப்பதும் அவசியம். சாலைப் போக்குவரத்துத் துறை இந்த உரிமங்களை வழங்குகிறது.

உரிமம் என்பது ஒருவர் வாகனம் ஓட்டத் தகுதி பெற்றுவிட்டார் என்பதற்கான சான்று. ஆனால், தேர்வின் ஒரு பகுதி நடைபெறும் இடம் திடல். அங்கே மழை பெய்து வழுக்கும் மலைச்சாலை இல்லை. இடப்பக்கம் நுழையும் மோட்டார் சைக்கிள் இல்லை. நேரத்திற்குள் சரக்கை ஒப்படைக்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. தேர்வுக்கும் தொழிலுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை நிரப்புவதே நிறுவனப் பயிற்சியின் நோக்கம்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களைக் கொண்ட சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் ஊழியர் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டுக்கு ஈடான தொகையை மனிதவள மேம்பாட்டுக் கழகத்திற்குச் செலுத்த வேண்டும். அந்த நிதியைத் தம் ஊழியர்களின் பயிற்சிக்காக அவை திரும்பப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆகவே, பயிற்சி என்பது முதலாளி விரும்பினால் தரும் சலுகை மட்டுமன்று. அதற்கென நாட்டில் ஓர் ஏற்பாடே இருக்கிறது.

வகுப்பறையில் தொடக்கம்

பயிற்சி பெரும்பாலும் வகுப்பறையில் தொடங்கும். முதலில் புதியவரின் உரிமம், ஓட்டுநர் பதிவு, உடல்நலம் ஆகியவை சரிபார்க்கப்படும். கண்பார்வை, நிறக்குருடு, இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவை கவனிக்கப்படும். பல நிறுவனங்கள் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்கின்றன. போதைப்பொருள் உட்கொண்டவர் ஓட்டுநர் இருக்கையில் அமரக்கூடாது என்பதில் சட்டம் மிகக் கடுமையாக இருக்கிறது. 2020ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, மது அல்லது போதைப்பொருளின் தாக்கத்தில் வாகனம் ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்துபவருக்கு முதல் குற்றத்திற்கே 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறையும் 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்கப்படும்.

அடுத்து, சாலை விதிகளும் நிறுவனத்தின் ஒழுங்குமுறைகளும் விளக்கப்படும். ஒளிரும் மேலங்கி, பாதுகாப்புக் காலணி, தலைக்கவசம் ஆகியவற்றை எங்கெங்கு அணிய வேண்டும், துறைமுகத்திற்குள் நுழைய என்ன அனுமதி அட்டை தேவை, சரக்குப் பத்திரங்களை எப்படிச் சரிபார்ப்பது, விபத்து நேர்ந்தால் முதலில் யாரை அழைப்பது போன்றவை இதில் அடங்கும். சிலருக்கு இது சலிப்பாகத் தோன்றலாம். ஆனால், கொள்கலனின் எண்ணும் முத்திரை எண்ணும் பத்திரத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஓட்டுநர் பல மணி நேரம் வாயிலிலேயே காத்துக்கிடக்க நேரும். வேறொருவரின் சரக்கை இழுத்துச் சென்றுவிட்டால் அதைவிடப் பெரிய சிக்கல் எழும்.

புறப்படுமுன் ஒரு சுற்று

வகுப்பறைப் பாடம் முடிந்ததும் பயிற்சி வாகன நிறுத்துமிடத்திற்கு மாறும். அங்கே முதல் பாடம் ஓட்டுவது அன்று. வாகனத்தைச் சுற்றி நடப்பது. இயந்திரத்தை முடுக்குவதற்கு முன்பும் பின்பும் ஓட்டுநர் செய்யும் இந்தச் சோதனைக்கு ஒரு நிலையான வரிசை உண்டு. முன்புறத்தில் தொடங்கி, ஒரே திசையில் நடந்து, மீண்டும் முன்புறத்திற்கே வந்து சேர வேண்டும். வரிசை மாறாமல் இருந்தால்தான் எதுவும் விடுபடாது.

டயர்களில் காற்று போதுமா, வெட்டோ வீக்கமோ இருக்கிறதா, சக்கர மரைகள் இறுக்கமாக உள்ளனவா, விளக்குகள் எரிகின்றனவா, எண்ணெய் கசிகிறதா, கண்ணாடிகள் சரியான கோணத்தில் உள்ளனவா என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே கல் சிக்கியிருந்தால் அதை அகற்ற வேண்டும். ஓடும்போது அந்தக் கல் தெறித்துப் பின்னால் வருபவரின் கண்ணாடியை உடைத்துவிடக்கூடும்.

வணிக வாகனங்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை அதிகாரப்பூர்வப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. ஆனால், ஆறு மாதத்திற்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனை நேற்றிரவு கிழிந்த டயரைக் கண்டுபிடிக்காது. அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அன்று காலை வண்டியைச் சுற்றி நடக்கும் ஓட்டுநர் ஒருவரே. வெள்ளம் வருமுன் அணை போடும் வேலை இது. குறை ஏதேனும் இருந்தால் அதைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பழுது பார்க்கப்படும் வரை வண்டி புறப்படக்கூடாது.

இணைப்பதும் பின்னோக்கிச் செலுத்துவதும்

கொள்கலனை ஏற்றிச் செல்லும் கனவுந்து இரு பகுதிகளைக் கொண்டது. இழுத்துச் செல்லும் முன்பகுதியைப் ‘பிரைம் மூவர்’ என்றும், கொள்கலனைத் தாங்கும் நீண்ட பின்பகுதியை ‘டிரெய்லர்’ என்றும் அழைப்பர். முன்பகுதியின் முதுகில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். அது ‘ஐந்தாம் சக்கரம்’ எனப்படும். டிரெய்லரின் அடியில் இருக்கும் தடித்த இரும்பு முளை அந்தத் தட்டின் பிளவில் நுழைந்து பூட்டிக்கொள்ள வேண்டும்.

பூட்டும் ஓசை கேட்டால் போதும் என்று புதியவர் நினைக்கலாம். பயிற்றுநர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். பிரைம் மூவரை மெல்ல முன்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு இறங்கி, குனிந்து, பூட்டு முளையைச் சுற்றி முழுமையாக மூடியிருப்பதைக் கண்ணால் காண வேண்டும். அதன்பின் காற்றுக் குழாய்களையும் மின்கம்பியையும் இணைத்து, டிரெய்லரின் தாங்கு கால்களை உயர்த்த வேண்டும். கொள்கலனின் நான்கு மூலைகளிலும் உள்ள திருகுப் பூட்டுகள் மூடியிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பூட்டு திறந்திருந்தாலும் வளைவில் திரும்பும்போது கொள்கலன் சாய்ந்து விழும் அபாயம் உண்டு.

புதியவர்களை அதிகம் திணறவைப்பது பின்னோக்கிச் செலுத்தும் பயிற்சி. மகிழுந்தைப் பின்னோக்கிச் செலுத்தும்போது திசைமாற்றியை இடப்பக்கம் திருப்பினால் வாகனத்தின் பின்புறமும் இடப்பக்கம் செல்லும். டிரெய்லரோ முதலில் எதிர்ப்பக்கம் செல்லும். திசைமாற்றியைச் சற்று அதிகமாகத் திருப்பிவிட்டால் முன்பகுதியும் பின்பகுதியும் மடிந்த கத்திபோல் ஒன்றையொன்று நெருங்கிவிடும். ஆகவே, முதலில் நேர்கோட்டிலும், பிறகு இரு கூம்புகளுக்கு நடுவிலும், கடைசியாகச் சரக்கேற்றும் மேடையை நோக்கியும் எனப் படிப்படியாகப் பழக்குவார்கள். ஐயம் ஏற்பட்டால் நிறுத்து, இறங்கு, நடந்து சென்று பார், பிறகு ஏறு என்பதே இதில் மனத்தில் பதிய வேண்டிய விதி. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இங்கே அப்படியே பொருந்தும்.

நிறுத்தக் கற்றல்

கனவுந்தை ஓட்டுவதைவிட நிறுத்துவதே கடினம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 22 மீட்டர் நகரும். ஆபத்தைக் கண்ட ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆனால், அதற்குள் வண்டி 33 மீட்டர் கடந்திருக்கும். பிரேக் வேலை செய்யத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். மேலும், கனவுந்துகளில் காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக் பொருத்தப்பட்டிருக்கும். காற்று குழாய் வழியாகச் சென்று கடைசிச் சக்கரத்தை அடையச் சிறிது நேரம் பிடிக்கும்.

வேகம் கூடும்போது ஆபத்து அதே அளவில் கூடுவதில்லை. அதைவிட விரைவாகக் கூடுகிறது. வாகனத்தின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். எடுத்துக்காட்டாக, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 90 கிலோமீட்டராக உயர்ந்தால் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. ஆனால், பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்காகிவிடும். அறிவியல் பாடத்தில் வரும் இந்த விதியைப் பயிற்றுநர்கள் சாலையில் காட்டுகிறார்கள்.

மலைச்சாலை இறக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. காராக் நெடுஞ்சாலை, கேமரன் மலை, கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போன்ற இடங்களில் நீண்ட இறக்கங்கள் உள்ளன. அங்கே பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதனால், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, தாழ்ந்த கியருக்கு மாற்றி, இயந்திரத்தின் எதிர்விசையாலேயே வண்டியைக் கட்டுப்படுத்தப் பயிற்சியில் கற்பிக்கிறார்கள். பிரேக்கைத் தேவையான இடத்தில் மட்டும் உறுதியாக மிதித்து விட வேண்டும். இறக்கத்தின் பாதியில் கியரை மாற்ற முயன்றால் அது விழாமல் போகலாம்; வண்டி கட்டுக்கடங்காமல் உருளத் தொடங்கிவிடும்.

காற்றழுத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்பதும் பாடத்தின் ஒரு பகுதி. அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் எச்சரிக்கை ஒலி எழும். அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால், உள்ளே இருக்கும் வலிய சுருள்வில் தானாகவே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். இது பாதுகாப்புக்கான அமைப்பே. எனினும், நெடுஞ்சாலையின் நடுவில் அப்படி நின்றுவிட்டால் அதுவே மற்றவர்களுக்கு ஆபத்தாகும். எனவே, ஒலி கேட்டவுடன் பாதுகாப்பான ஓரத்தைத் தேட வேண்டும்.

2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் பேராக் மாநிலம், தெலுக் இந்தானில் சரளைக் கல் ஏற்றி வந்த கனவுந்தும் கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனமும் மோதிக்கொண்டதில் ஒன்பது போலீசார் உயிரிழந்தனர். அடுத்த மாதம் கிரிக் அருகே நிகழ்ந்த பேருந்து விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்கள் மாண்டனர். கனரக வாகனப் பாதுகாப்பு நாடெங்கும் பேசப்பட்ட ஆண்டு அது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் செல்ல அக்கருவி இடம் தராது. ஆனாலும், 90 கிலோமீட்டர் என்பது உச்ச எல்லை மட்டுமே. மழையிலும் வளைவிலும் எந்த வேகம் தகும் என்பதைக் கருவி சொல்லாது. ஓட்டுநரே தீர்மானிக்க வேண்டும்.

கண்ணாடியில் தெரியாதவர்கள்

பயிற்சியில் புதியவர்களை வியப்பில் ஆழ்த்தும் பாடம் ஒன்று உண்டு. ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் வண்டியைச் சுற்றி வெவ்வேறு இடங்களில் நிற்பார்கள். “எத்தனை பேர் தெரிகிறார்கள்?” என்று பயிற்றுநர் கேட்பார். முகப்புக்கு மிக அருகில் நிற்பவர், இடப்பக்கக் கதவை ஒட்டி நிற்பவர், டிரெய்லருக்கு நேர் பின்னால் நிற்பவர் ஆகியோர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாமலேயே போகக்கூடும்.

மலேசியாவில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். எனவே, அவருக்கு எட்டாத மறைவிடம் இடப்பக்கமே மிகுதி. அந்தப் பக்கமாகத்தான் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் செல்கின்றன. நாட்டின் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். கனவுந்து இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்தில் செல்வதில்லை. வளைவின் உட்புறமாக ஒதுங்கிச் செல்கின்றன. சந்திப்பில் கனவுந்துக்கும் சாலையோரக் கட்டைக்கும் இடையே வந்து நிற்கும் மோட்டார் சைக்கிளோட்டி இதை அறியமாட்டார். ஆகவே, திரும்புவதற்கு நெடுநேரம் முன்பே சமிக்ஞை விளக்கைப் போடுவதும், கண்ணாடிகளை மீண்டும் மீண்டும் பார்ப்பதும், மெதுவாகத் திரும்புவதும் ஓட்டுநரின் கடமை.

இந்தப் பாடம் ஓட்டுநருக்கு மட்டும் உரியதன்று. கனவுந்தின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை என்றால், ஓட்டுநருக்கும் அவரைத் தெரியாது. மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்லும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் கனவுந்தின் இடப்பக்கம் நுழையமாட்டார்கள்.

ஏற்றும் சரக்கின் அளவு

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்பது வள்ளுவர் காட்டிய உண்மை. மாட்டுவண்டிக் காலத்து அந்த அறிவுரை இன்றைய கனவுந்துக்கும் பொருந்துகிறது. ஒவ்வொரு வாகனமும் எவ்வளவு எடை தாங்கலாம், அந்த எடை ஒவ்வோர் அச்சின்மீதும் எவ்வளவு விழலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உண்டு. வரம்பை மீறினால் பிரேக் திணறும், டயர் வெடிக்கும், சாலை சிதையும், பாலமும் நலிவடையும்.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் சரக்கு தவறான இடத்தில் இருந்தால் ஆபத்துதான். எடை முழுவதும் ஒரு பக்கமாக இருந்தால் வளைவில் வண்டி கவிழலாம். தாங்கியில் பாதியளவே நிரம்பிய திரவம் அலைமோதி, நிறுத்திய பிறகும் வண்டியை முன்னோக்கித் தள்ளும். இரும்புக் கம்பிகளும் மரத்துண்டுகளும் சங்கிலியாலும் பட்டையாலும் இறுகக் கட்டப்பட வேண்டும். புறப்பட்டுச் சிறிது தூரம் சென்றதும் வண்டியை ஓரமாக நிறுத்திக் கட்டுகளை மறுபடியும் இறுக்கப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். ஏனெனில், வண்டி குலுங்கும்போது சரக்கு தன் இடத்தில் அமர்ந்து கட்டுகள் தளர்ந்துவிடும்.

களைப்பை வெல்ல முடியாது

புதிய ஓட்டுநர்களில் பலர் தூக்கத்தை மன உறுதியால் வென்றுவிடலாம் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் களைவது பயிற்சியின் முக்கியப் பகுதி. களைத்த மூளை சில விநாடிகள் தானாகவே உறங்கிவிடும். கண்கள் திறந்திருக்கும்போதும் இது நிகழலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி உறங்கினால், வண்டி ஏறக்குறைய 66 மீட்டர் ஓட்டுநர் இல்லாமலே ஓடிவிடும். நள்ளிரவுக்குப் பின் விடியும் வரையிலும், மதிய உணவுக்குப் பிந்தைய நேரத்திலும் இந்த அபாயம் அதிகம்.

நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது பயிற்சியில் பொதுவாகக் கற்பிக்கப்படும் விதி. காப்பி அருந்துவதும் சன்னலைத் திறந்துவிடுவதும் சிறிது நேரமே உதவும். களைப்புக்கு மருந்து தூக்கம் ஒன்றுதான். கொட்டாவி தொடர்ந்து வருவது, கடந்து வந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லாதது, வண்டி பாதைக் கோட்டைத் தொடுவது ஆகியவை உடல் தரும் எச்சரிக்கைகள். அவற்றைக் கண்டதும் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டியை நிறுத்துவதே அறிவுடைமை.

மூத்த ஓட்டுநரின் பக்கத்தில்

முன்பெல்லாம் கனவுந்துத் தொழிலைக் கற்பதற்குத் தனி வகுப்பு இருந்ததில்லை. இளைஞர்கள் முதலில் ‘கெலிண்டான்’ எனப்படும் உதவியாளராகச் சேர்வார்கள். சரக்கு ஏற்றி இறக்குவது, தார்ப்பாய் கட்டுவது, பின்னோக்கிச் செலுத்தும்போது கைகாட்டுவது போன்ற வேலைகளைச் செய்துகொண்டே ஓட்டுநரைப் பார்த்துப் பார்த்துத் தொழிலைப் பழகுவார்கள். அதில் நன்மையும் இருந்தது, குறையும் இருந்தது. நல்ல ஓட்டுநரிடம் சேர்ந்தவர் நல்ல பழக்கங்களைக் கற்றார். கவனமற்றவரிடம் சேர்ந்தவர் அந்தக் கவனமின்மையையே தொழில் என்று நம்பிவிட்டார்.

இன்றைய நிறுவனப் பயிற்சி அந்தப் பழைய முறையின் நன்மையைக் காத்துக்கொள்ள முயல்கிறது. திடல் பயிற்சி முடிந்ததும் புதியவர் ஒரு மூத்த ஓட்டுநருடன் அனுப்பப்படுகிறார். முதலில் பக்கத்தில் அமர்ந்து கவனிப்பார். பிறகு போக்குவரத்து குறைந்த வழிகளில் ஓட்டுவார். அதன்பின் இரவிலும் மழையிலும் நகர நெரிசலிலும் ஓட்டுவார். எந்தக் கிடங்கின் வாயில் குறுகலானது, எந்தப் பாலத்தின் அடியில் உயரக் கட்டுப்பாடு உண்டு, எந்த ஓய்விடத்தில் கனவுந்து நிறுத்த இடம் கிடைக்கும் என்பனவற்றை நூல்களில் படிக்க இயலாது. அவை அனுபவசாலியின் வாயிலிருந்தே வர வேண்டும்.

இக்காலத்தில் மூத்த ஓட்டுநர் கண்காணிக்கப்படுவது போலவே புதியவரும் கண்காணிக்கப்படுகிறார். பல கனவுந்துகளில் இடங்காட்டிக் கருவியும் ஒளிப்பதிவுக் கருவியும் பொருத்தப்பட்டுள்ளன. திடீர் பிரேக், கடும் வேகம், நெடுநேர ஓட்டம் ஆகியவை அலுவலகத்தில் பதிவாகும். பயிற்றுநர் அந்தப் பதிவுகளைப் புதியவருடன் அமர்ந்து பார்த்து, எங்கே மாற்றம் வேண்டும் என்று விளக்குவார். இறுதியில் ஒரு சாலைத் தேர்வு நடைபெறும். தேறாதவர் வெளியேற்றப்பட வேண்டும் என்பதில்லை. பயிற்சிக் காலம் நீட்டிக்கப்படலாம்.

கையொப்பமிடுவதற்கு முன்

பயிற்சிக்குச் செலவு ஆகிறது. அந்தச் செலவை ஏற்கும் சில நிறுவனங்கள், பயிற்சி முடித்தவர் குறிப்பிட்ட காலம் வரை தங்களிடமே பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிச் செலுத்த வேண்டியிருக்கும். இது தவறானதன்று. ஆனால், எத்தனை மாதம், எவ்வளவு தொகை, நிறுவனமே வேலையை விட்டு நீக்கினால் என்ன ஆகும் என்பவற்றைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே கையொப்பமிட வேண்டும். ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வேலைக்கான ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கூறுகிறது.

சம்பள முறையையும் கேட்டறிய வேண்டும். கனவுந்து ஓட்டுநர்களுக்குப் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்துடன், செல்லும் பயணங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் படித்தொகையும் வழங்கப்படுகிறது. பயணம் கூடினால் வருமானம் கூடும். இங்கேதான் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. இன்னும் ஒரு பயணம் என்னும் ஆசை, ஓய்வைக் குறைக்கவும் வேகத்தைக் கூட்டவும் தூண்டும். மேற்பார்வையாளரே அவசரப்படுத்துவதும் உண்டு. பயிற்சியில் கற்ற விதிகள் உண்மையில் சோதிக்கப்படுவது அப்போதுதான்.

அந்த நேரத்தில் புதியவர் தனியாக இல்லை. 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், ஊழியர் அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று அது உரிமை வழங்குகிறது. பிரேக் பழுதான வண்டியை எடுக்க மறுப்பது கீழ்ப்படியாமை ஆகாது. வேலையின்போது விபத்து நேர்ந்தால் பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் உதவி கிடைக்கும். ஆகவே, முதலாளி தம் பெயரில் சந்தா செலுத்துகிறாரா என்பதை அறிந்துகொள்வது ஊழியரின் பொறுப்பு.

நல்ல பயிற்சியின் அடையாளம்

எல்லா நிறுவனங்களின் பயிற்சியும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. சில இடங்களில் வாரக்கணக்கில் பயிற்சி நடக்கிறது. சில இடங்களில் ஒருநாள் விளக்கத்தோடு முடிந்துவிடுகிறது. எத்தனை நாள் திடல் பயிற்சி, மூத்த ஓட்டுநருடன் எத்தனை பயணங்கள், பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா, வண்டிகள் எப்போது பழுது பார்க்கப்படுகின்றன என்று நேர்காணலிலேயே கேட்கலாம். இக்கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் நிறுவனம் தன் ஓட்டுநரைப் பற்றி அக்கறை கொண்டிருக்கும்.

கனவுந்து ஓட்டுவது வேறு வேலை கிடைக்காதவர் செய்யும் வேலை என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் உள்ளது. ஒரு சக்கரத்தின் மரையைக் கூடக் கவனிக்கும் பொறுமை, எடையையும் வேகத்தையும் தூரத்தையும் நொடியில் கணக்கிடும் அறிவு, அவசரப்படுத்துபவரிடம் “முடியாது” என்று பணிவாகச் சொல்லும் துணிவு ஆகிய மூன்றும் இத்தொழிலுக்குத் தேவை. ஆண்களோடு பெண்களும் இன்று இத்துறையில் இறங்கியிருக்கிறார்கள். யார் ஓட்டினாலும், நல்ல பயிற்சி பெற்ற ஓட்டுநர் தன் சரக்கை மட்டும் காப்பதில்லை. அதே சாலையில் பள்ளிக்குச் செல்லும் மாணவரும், வேலை முடிந்து வீடு திரும்பும் பெற்றோரும் அவருடைய கவனத்தை நம்பியே பயணம் செய்கிறார்கள்.